பழம் தாங்கும் குளிர்

முற்றிய பச்சை வாழைக்காயின் சதை 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கி ஒரு மணி நேரம் அப்படியே இருந்தால் போதும், கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது பிறகு கெட்டுப்போகும். 11.7 டிகிரியில் அதே கேடு வர 5 மணி நேரம் ஆகும்; 12.2 டிகிரியில் ஒரு நாள், 12.8 டிகிரியில் மூன்று நாள். அதே காயை 13 டிகிரிக்கும் 14 டிகிரிக்கும் இடையில் வைத்தால் இரண்டு முதல் நான்கு வாரம் வரை பச்சையாகவே காத்திருந்து, வெளியே எடுத்தபின் முறையாகப் பழுக்கும். நன்மைக்கும் கேட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு டிகிரிகூட இல்லை. இத்தனைக்கும் 10 டிகிரி ஒன்றும் கடுங்குளிர் அல்ல. மார்கழியில் ஊட்டியின் காலை அதைவிடக் குளிரும். வாழைப்பழத்துக்குள் இருக்கும் நீர் உறைய வேண்டுமானால் வெப்பநிலை சுழியத்துக்கும் சற்றுக் கீழே போக வேண்டும். பனிக்கட்டியின் ஒரு துகள்கூட உருவாக வழியில்லாத, மனிதர்கள் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலை பார்க்கக்கூடிய குளிரில் ஒரு பழம் மீளமுடியாத காயம் அடைகிறது. வெப்பமண்டலப் பழங்களைக் குளிரில் காப்பது பற்றிய எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு உண்மையிலிருந்தே கிளம்புகின்றன.

குளிர்பதனக் கிடங்கு என்றதும் நம் மனத்தில் ஓர் எண்ணம் இயல்பாக எழுகிறது: குளிர் கூடக்கூடப் பண்டம் அதிக நாள் நிற்கும். மீனுக்கும் இறைச்சிக்கும் பாலுக்கும் இது சரி. மாம்பழத்துக்கும் வாழைக்கும் பப்பாளிக்கும் அன்னாசிக்கும் இது தவறு. இவற்றுக்கு உகந்த குளிர் என்பது ஓர் எல்லை. அதற்கு மேலே போனால் பழம் தன் ஆயுளை வேகமாகச் செலவழித்துவிடும். கீழே போனால் பழுக்கும் ஆற்றலையே இழந்துவிடும். இந்த எல்லை பழத்துக்குப் பழம் மாறும், அதன் பருவத்துக்கு மாறும், எத்தனை நாள் வைக்கப்போகிறோம் என்பதற்கும் மாறும். அது எங்கே இருக்கிறது என்பதைக் கிடங்கின் வாசலில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பழம் வெளியே வந்து பழுத்த பிறகு உண்பவரின் நாக்கில்தான் தெரியும். இந்த அடிப்படையை விட்டுவிட்டுக் கட்டப்படும் எந்தக் கிடங்கும், எவ்வளவு செலவில் கட்டினாலும், பழத்துக்கு உதவாது.

தவறான எண்ணம் வேரூன்றியதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. குளிரூட்டும் இயந்திரம் கடல் வணிகத்துக்குள் இறைச்சியோடுதான் நுழைந்தது. 1882ல் நியூசிலாந்திலிருந்து புறப்பட்ட டனீடின் என்ற பாய்மரக் கப்பல், உறைய வைத்த ஆட்டிறைச்சியை மூன்று மாதப் பயணத்துக்குப் பிறகு லண்டனில் கெடாமல் இறக்கியது. இறைச்சி உயிரற்றது; அதைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள். குளிர் அவற்றைக் கட்டிப்போடுவதால் எவ்வளவு குளிர்ந்தாலும் லாபமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜமைக்காவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் குளிரூட்டிய கப்பல்களில் வாழைத்தார்கள் போகத் தொடங்கியபோது, இறைச்சிக்குப் பொருந்திய விதி பழத்துக்குப் பொருந்தாது என்பது தெளிவானது. 1920களின் இறுதியில் டிரினிடாடில் இருந்த வெப்பமண்டல வேளாண் கல்லூரியில் இதற்கென்றே ஒரு தாழ்வெப்ப ஆய்வு நிலையம் எழுந்தது. சி. டபிள்யூ. வார்ட்லா போன்றவர்கள் அங்கே வாழையையும் பிற வெப்பமண்டலப் பழங்களையும் வெவ்வேறு குளிரில் வைத்துச் சோதித்தார்கள். இந்தியாவில் 1930களில் புணே வட்டாரத்தில் ஜி. எஸ். சீமா, டி. வி. கர்மார்கர் முதலியோர் மாம்பழத்தைக் குளிரில் சேமிப்பது பற்றி ஆராய்ந்தார்கள். அவர்கள் அனைவரும் தேடியது ஒன்றையே: இந்தப் பழம் காயப்படாமல் எவ்வளவு குளிரைத் தாங்கும்?

முதலில் குளிர் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம். மரத்திலிருந்து பறித்த பழம் செத்துவிடுவதில்லை. அது தொடர்ந்து சுவாசிக்கிறது: ஆக்சிஜனை எடுத்து, தன்னுள் இருக்கும் சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. மரத்தோடு இருந்தவரை செலவானது வேராலும் இலையாலும் ஈடாகிக்கொண்டிருந்தது. பறித்தபின் வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் நடக்கிறது. இந்தச் செலவின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்பநிலைதான். 10 டிகிரியில் ஒரு கிலோ மாங்காய் மணிக்கு 12 முதல் 16 மில்லிலிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறது என்றால், 20 டிகிரியில் அதே அளவு மாங்காய் 35 முதல் 80 மில்லிலிட்டர் வரை வெளியிடும். பத்து டிகிரி ஏறினால் சுவாசம் இரண்டு மூன்று மடங்கு, சில வேளை அதற்கும் மேலே கூடுகிறது. சித்திரை வெயிலில் பறித்த மாங்காய் 35 டிகிரியோடு லாரியில் ஏறுமானால், ஒவ்வொரு மணி நேரமும் அது இழக்கும் ஆயுளைப் பின்னால் எந்தக் கிடங்கும் திருப்பித் தர முடியாது. அதனால் குளிர் தேவை என்பதில் ஐயம் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

ஒரு கட்டத்துக்குக் கீழே குளிர் ஏன் காயப்படுத்துகிறது? இதற்கு வீட்டிலிருக்கும் எண்ணெய்க் குப்பிகளே பாதி விடை சொல்லும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கிவிடும்; மார்கழியில் அதை வெயிலில் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்க்கிறோம். நல்லெண்ணெய் அதே அலமாரியில், அதே குளிரில், ஓடிக்கொண்டே இருக்கும். காரணம், இரண்டின் கொழுப்பு அமிலங்கள் வேறு. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. நல்லெண்ணெயில் நிறைவுறாதவை மிகுதி. உயிருள்ள ஒவ்வொரு செல்லையும், செல்லுக்குள் இருக்கும் ஒவ்வோர் அறையையும் போர்த்தியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனதே. அந்தச் சவ்வு இளகிய நிலையில் இருந்தால்தான் அதில் பதிந்திருக்கும் புரதங்கள் வேலை செய்யும், உள்ளே இருப்பது உள்ளேயும் வெளியே இருப்பது வெளியேயும் நிற்கும். குளிரில் சவ்வு இறுகினால் கசிவு தொடங்கும், புரதங்கள் தடுமாறும், ஆற்றலை உண்டாக்கும் வேலைகளுக்கிடையே இருந்த ஒத்திசைவு குலையும். 1970களின் தொடக்கத்தில் ஜே. எம். லயன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இது. செல் அறைகளுக்கிடையே உள்ள தடுப்பு உடைந்ததும், தனித்தனியாகப் பூட்டிவைக்கப்பட்டிருந்த ஃபீனால் பொருள்களும் அவற்றைக் கறுக்கச் செய்யும் நொதிகளும் ஒன்று கலக்கின்றன. நறுக்கிய கத்தரிக்காயும் ஆய்ந்த வாழைப்பூவும் காற்றுப்பட்டதும் கறுப்பது எப்படியோ, அப்படித்தான் குளிர்பட்ட வாழையின் தோல் உள்ளுக்குள்ளேயே கறுக்கிறது. கத்தி இல்லாமலேயே அது வெட்டுப்பட்டிருக்கிறது.

ஆப்பிளும் பழம்தானே, அது மட்டும் சுழிய டிகிரியை ஒட்டி மாதக்கணக்கில் நிற்பது எப்படி என்று ஒருவர் கேட்கலாம். ஆப்பிள் மரத்தின் தாயகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். உறைபனி விழும் பருவத்தை ஆண்டுதோறும் கடந்தே ஆக வேண்டிய மரம் அது. வாழை தென்கிழக்கு ஆசியாவின் ஈரக்காடுகளிலும், மா இந்தியாவையும் பர்மாவையும் ஒட்டிய வனங்களிலும் பிறந்தவை. 10 டிகிரியில் வாரக்கணக்கில் வாழ வேண்டிய தேவை அவற்றின் முன்னோர்களுக்குப் பெரும்பாலும் ஏற்பட்டதில்லை. குளிரைத் தாங்கும் சவ்வும் பாதுகாப்பு நொதிகளும் தேவையின்போது உருவானவை. தேவை இல்லாத இடத்தில் உருவாகவில்லை. ஆப்பிளின் ஆயுளைக் காட்டி மாம்பழத்துக்கு விதி எழுதுவது, மீனைக் காட்டிக் கோழியை நீந்தச் சொல்வது போன்றது. ஆனால் லயன்ஸின் விளக்கத்தையே முழு உண்மையாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே வகைக் கொழுப்பால் ஆன எண்ணெய் ஒரு குறிப்பிட்ட டிகிரியில் சட்டென்று உறையலாம். பலவகைக் கொழுப்புகள் கலந்த சவ்வு அப்படி ஒரே கணத்தில் மாறுவதில்லை. குளிரில் செல்லுக்குள் பெருகும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் சவ்வை அரிப்பதும் காயத்தில் பெரும்பங்கு வகிக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. இந்தத் திருத்தம் நடைமுறைக்கும் முக்கியமானது. காயம் ஒரு நொடியில் விழும் வெட்டாக இல்லாமல், குளிரின் ஆழமும் நேரமும் சேர்ந்து குவிக்கும் கடனாக இருக்கிறது என்பதை அது விளக்குகிறது. தொடக்கத்தில் சொன்ன வாழைக் கணக்கின் பொருளும் அதுவே: ஒவ்வொரு அரை டிகிரிக்கும் ஒரு தவணைக் காலம் உண்டு.

இந்தக் கடனின் கொடிய குணம், அது குளிரில் இருக்கும்வரை வெளியே தெரியாது என்பதுதான். உகந்த நிலையைத் தேடும் ஆய்வு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஒரே தோட்டத்தில், ஒரே நாளில், ஒரே முற்றலில் பறித்த மாங்காய்களைப் பல பங்காகப் பிரித்து 5, 8, 10, 12, 13, 15 டிகிரி அறைகளில் வைக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஒவ்வோர் அறையிலிருந்தும் சில காய்களை எடுத்து எடை, கெட்டித்தன்மை, சாற்றின் சர்க்கரை அளவு, புளிப்பு, தோலின் நிறம் ஆகியவற்றை அளக்கிறார்கள். தோலிலிருந்து சிறு வில்லைகளை வெட்டித் தூய நீரில் போட்டு, அந்த நீரின் மின்கடத்தும் திறன் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறார்கள்; சவ்வில் எந்த அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறதோ அந்த அளவுக்கு உப்புகள் கசிந்து மின்சாரத்தைக் கடத்தும். இவ்வளவும் செய்து அங்கேயே நிறுத்திவிட்டால் முடிவு தலைகீழாக வந்துவிடும். ஏனென்றால் அறையிலிருந்து எடுத்த அன்று மிக அழகாக இருப்பது பெரும்பாலும் மிகக் குளிர்ந்த அறையின் காய்தான்: பச்சை மாறாமல், கெட்டி குறையாமல், சுருங்காமல் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பங்கிலும் பாதியை 20 அல்லது 25 டிகிரியில் மேலும் சில நாள் வைத்துப் பழுக்கவிடுவது இன்றியமையாதது. அப்போதுதான் கணக்கு வெளிப்படுகிறது. அழகாக இருந்த காயின் தோலில் சாம்பல் படலம் படரும், அம்மைத் தழும்புபோல் குழிகள் விழும், நிறம் திட்டுத்திட்டாக ஏறும், வாசனை வராது, காயம்பட்ட இடத்தில் பூஞ்சை குடியேறும். நம் ஊரில் இப்படிப்பட்ட பழத்துக்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: வெம்பல். வெயிலில் வாடி வெம்பும் காயைப் போலவே குளிரிலும் காய் வெம்பும்.

அன்னாசி இதைவிடவும் ஏமாற்றும். 7 டிகிரிக்குக் கீழே ஒரு வாரமும் அதற்கு மேலும் இருந்த அன்னாசிக்குள், நடுத்தண்டை ஒட்டிய சதை பழுப்பாகிக் கறுத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. கிடங்குக்காரருக்கு நல்ல பழம், மொத்த வியாபாரிக்கு நல்ல பழம், கடைக்காரருக்கும் நல்ல பழம். வீட்டில் அரிவாள்மனையில் வைத்து நறுக்குபவர்தான் ஏமாந்தவர். இதனால்தான் பழத்தின் குளிர்சேமிப்பில் இழப்பு எங்கே நேர்ந்தது என்பது எவர் கணக்கிலும் பதிவாவதில்லை. காயம் பட்ட இடம் ஒன்று, வெளிப்படும் இடம் வேறொன்று. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் ஒரே வழி, பழுத்தபின் சுவைத்துப் பார்ப்பதைச் சோதனையின் கடைசிப் படியாக்குவதுதான்.

வாழைப்பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் மட்டும் கறுக்கிறது, உள்ளே சதை நன்றாகவே இருக்கிறதே என்பது பலரும் எழுப்பும் கேள்வி. அவர்கள் பார்த்தது உண்மை. ஆனால் அவர்கள் வைத்தது ஏற்கெனவே பழுத்த பழம். மாவுச்சத்து சர்க்கரையாகி, வாசனை பிறந்து, பழம் செய்ய வேண்டிய வேலையெல்லாம் முடிந்துவிட்டது. குளிர் கெடுப்பதற்கு அங்கே மிச்சமிருப்பது தோலின் நிறம்தான். பச்சைக்காயில் அந்த வேலைகள் இன்னும் தொடங்கவே இல்லை. பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று தமிழ் பிரித்து வைத்திருக்கும் பருவங்கள் ஒவ்வொன்றும் குளிரை ஒவ்வொரு விதமாகத் தாங்குகின்றன. பப்பாளி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முற்றிய காயாகவோ, கால் பங்குக்கு உட்பட்டு மஞ்சள் ஏறியதாகவோ இருந்தால் 13 டிகிரி. கால் முதல் அரைப் பங்கு மஞ்சளானால் 10 டிகிரி. பாதிக்கு மேல் மஞ்சளாகிவிட்டால் 7 டிகிரி போதும். மாம்பழத்துக்கும் அப்படியே: முற்றிய பச்சைக்காய்க்கு 13 டிகிரி, பழுத்ததற்கு 10 டிகிரி. ஒரே பழத்துக்கு ஒரே எண்ணைச் சொல்லும் எந்தப் பட்டியலும் பாதி உண்மையையே சொல்கிறது. பெயருக்குப் பக்கத்தில் பருவத்தையும் எழுதினால்தான் அது பயன்படும்.

நாள் கணக்கும் அப்படித்தான், அதிலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. நீண்ட நாள் வைக்க வேண்டுமானால் அதிகக் குளிர் வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மாதுளையில் நடப்பது நேர்மாறு. இரண்டு மாதத்துக்குள் எடுத்துவிடுவதாக இருந்தால் அதை 5 டிகிரியில் வைக்கலாம்; அதற்கும் மேலே வைக்க வேண்டுமானால் 7 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். 5 டிகிரியின் கடன் இரண்டு மாதம்வரை அடங்கிக் கிடந்து, பிறகு தோலில் பழுப்பாகவும் உள்ளே நிறம் வெளுத்தும் வெளிப்படும். அதாவது சேமிப்புக் காலம் நீளும்போது பாதுகாப்பான எல்லை மேலே நகர்கிறது. இனத்துக்கு இனமும் எல்லை நகர்கிறது. ஒரு காலத்தில் உலக வணிகத்தை ஆண்ட குரோ மிஷெல் வாழையைக் கப்பல்கள் 12 டிகிரியை ஒட்டிய குளிரில் ஏற்றிச் சென்றன. பனாமா வாடல் நோய் அதை வீழ்த்திய பிறகு அந்த இடத்துக்கு வந்த கேவண்டிஷ் வகைகளுக்கு அந்தக் குளிர் ஆகவில்லை. 13 டிகிரிக்கு மேலே ஏற்ற வேண்டியிருந்தது. இன்று உலகப் பட்டியல்களில் வாழை என்ற பெயருக்கு எதிரே அச்சாகியிருப்பது பெரும்பாலும் கேவண்டிஷின் எண். தேனி மாவட்டத்தில் விளையும் ஜி-9 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததால் அதற்கு அது பொருந்தும். பூவனும் ரஸ்தாளியும் நேந்திரனும் கற்பூரவள்ளியும் வேறு மரபணுக் கலப்பில் பிறந்தவை. தோலின் தடிப்பும் பழுக்கும் வேகமும் காம்பிலிருந்து உதிரும் குணமும் வேறு. கேவண்டிஷின் எண்ணை இவற்றின்மேல் அப்படியே ஏற்றுவதற்கு அறிவியலில் எந்த உரிமையும் இல்லை.

உகந்த நிலை என்பது வெப்பநிலை மட்டுமே என்று நினைத்துவிடவும் கூடாது. பழத்தின் உட்காற்று நீராவியால் ஏறக்குறைய நிறைந்தது. சுற்றியுள்ள காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக நீரைப் பழத்திலிருந்து உறிஞ்சும். ஒரே குளிரில், ஈரப்பதம் 95 விழுக்காடாக இருந்தால் குறைபாடு 5 பங்கு. 70 விழுக்காடாக இருந்தால் 30 பங்கு. அதாவது உறிஞ்சும் விசை ஆறு மடங்கு. வாழைக்கும் மாம்பழத்துக்கும் 90 முதல் 95 விழுக்காடு ஈரப்பதம் கேட்பது இதனால்தான். இங்கே கட்டடப் பொறியியல் உயிரியலோடு மோதுகிறது. செலவைக் குறைக்கச் சிறிய குளிர்ச்சுருளைப் பொருத்தினால், அறையை 13 டிகிரியில் வைக்க அந்தச் சுருள் தன்னளவில் மிகவும் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப்போல, அறைக் காற்றின் ஈரமெல்லாம் அந்தச் சுருளில் படிந்து வடிந்துவிடும்; அந்த ஈரத்தை ஈடுகட்டுவது பழத்தின் சாறு. மேலும் அத்தகைய சுருளிலிருந்து வீசும் காற்று 9 அல்லது 10 டிகிரியில் வரும். சுவரில் தொங்கும் மானி 13 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே விசிறிக்கு எதிரில் இருக்கும் அடுக்கு கருகிக்கொண்டிருக்கும். பெரிய பரப்புள்ள சுருள், மிதமான காற்றோட்டம், சுவரில் அல்லாமல் பழத்தின் சதைக்குள் செருகிய வெப்பமானி ஆகிய மூன்றும் இல்லாத அறையில் 13 டிகிரி என்பது வெறும் எழுத்து.

இத்தனை எண்களைப் பின்பற்ற முடியாது, எல்லாவற்றையும் 13 டிகிரியில் ஒரே அறையில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களின் தவிப்பு நியாயமானது. சிறு வியாபாரிக்கு ஆறு அறைகள் கட்ட முடியாது. ஆனால் இதற்கு இரண்டு தடைகள். ஒன்று, 5 டிகிரியில் இரண்டு மாதம் நிற்கக்கூடிய மாதுளை 13 டிகிரியில் தன் ஆயுளில் பெரும்பகுதியை வீணாக்கும். மற்றொன்று எத்திலீன். பழுக்கும் பழம் தானே வெளியிடும் இந்த வாயு அடுத்த காயையும் பழுக்கத் தூண்டும். ஆப்பிள்கள் இதை வெளியிடுகின்றன என்பதை 1934ல் ஆர். கேன் வேதியியல் முறையில் நிறுவினார். வாழைக்காயைப் பழுக்க வைக்கப் பத்து லட்சம் பங்கு காற்றில் 100 முதல் 150 பங்கு எத்திலீனை ஒரு நாள் செலுத்தினால் போதும். அதைவிட மிகக் குறைந்த அளவும் நாள்பட நாள்படக் காயின் பசுமைக் காலத்தைச் சுருக்கிவிடும். பழுத்த மாம்பழக் கூடை ஒன்றை வாழைக்காய் அறையில் வைப்பது, அந்த அறையின் கடிகாரத்தை முடுக்கிவிடுவதற்குச் சமம். எனவே அறை ஒன்றே ஒன்றுதான் என்றால் அதில் ஒரு பருவத்தில் ஒரு பழம், ஒரே முற்றலில் மட்டும் என்பதே சரியான சிக்கனம்.

வெப்பநிலையைப் பற்றி இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை, புதிய நுட்பங்கள் அதை ஈடுகட்டிவிடும் என்ற வாதமும் உண்டு. காற்றில் ஆக்சிஜனை 2 முதல் 5 விழுக்காட்டுக்குக் குறைத்து, கரியமில வாயுவை அதே அளவுக்கு உயர்த்தினால் வாழைக்காய் நான்கு முதல் ஆறு வாரம் நிற்கும். எத்திலீனை உணரும் இடத்தை அடைத்துவிடும் 1-எம்சிபி என்ற பொருளை வட கரோலினாவில் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கென்ஷிப்பும் 1990களில் கண்டறிந்தனர். சேமிப்புக்கு முன் வெந்நீரில் சிறிது நேரம் முக்குவதும், படிப்படியாகக் குளிர வைப்பதும், நடுநடுவே சூடேற்றுவதும் சில பழங்களில் குளிர்க்காயத்தைத் தணிக்கின்றன. இவை எல்லாம் மெய்யான முன்னேற்றங்கள். ஆனால் ஒவ்வொன்றும் எல்லையைச் சற்றே நகர்த்துகிறது, எல்லையை அழிப்பதில்லை. ஆக்சிஜன் அளவுக்கு மீறிக் குறைந்தால் பழத்துக்குள் சாராய வாடை பிறக்கும். எத்திலீன் உணர்வை அளவுக்கு மீறி அடைத்தால் காய் சீராகப் பழுக்காது. ஒரு நுட்பத்தைச் சேர்க்கும்போதெல்லாம் உகந்த குளிரைப் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு செலவைப் பற்றியது. மின்சாரத்தையும் இயந்திரத்தையும் விட்டுவிட்டு, விளைந்த இடத்துக்கு அருகிலேயே விரைவாக விற்றுவிடுவது சிறு விவசாயிக்கு மேல் அல்லவா? பல பழங்களுக்கு, பல இடங்களில், ஆம். விடியலில் பறிப்பது, நிழலில் குவிப்பது, காயம் படாமல் சீப்பு பிரிப்பது ஆகியவை காசில்லாமல் ஆயுளைக் கூட்டுகின்றன. புதுதில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா குளிர் அறைக்கு மின்சாரம் வேண்டாம்: இரட்டைச் செங்கல் சுவர், நடுவே ஈர மணல், மேலே ஈரச் சாக்கு. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். வறண்ட கோடையில் அது வெளி வெப்பத்தைவிட 10 டிகிரிக்கும் மேலே குறைத்து, ஈரப்பதத்தை 90 விழுக்காட்டை ஒட்டி வைக்கும். அது 13 டிகிரியை எட்டாது. கடலோரத்தின் ஈரக்காற்றில் அவ்வளவு குளிராது. ஆனால் எந்தப் பழத்தையும் குளிரால் காயப்படுத்தாது. தவறாக இயங்கும் குளிர்பதனக் கிடங்கைவிடச் சரியாக இயங்கும் செங்கல் அறை மேல் என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும். ஆனால் தொலைதூரச் சந்தைக்கும் ஏற்றுமதிக்கும், ஒரே வாரத்தில் விளைச்சல் குவிந்து விலை சரியும் நாட்களுக்கும் இது போதாது. அங்கே இயந்திரக் குளிர் தேவை. உலகில் வாழையும் மாம்பழமும் மிகுதியாக விளையும் நாடு இந்தியா. நாட்டின் குளிர்பதனக் கொள்ளளவில் பெரும்பங்கு இருப்பதோ உருளைக்கிழங்குக்கு. 2 முதல் 4 டிகிரிக்கென்று வடிவமைத்த அந்த அறைகளில் மாங்காயை ஏற்றினால் அது சேமிப்பு ஆகாது. கொள்ளளவை டன் கணக்கில் மட்டும் எண்ணிப் பெருமைப்படும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. பழத்துக்கென்று கட்டப்படும் ஒவ்வொரு கிடங்கும் எத்தனை டன் கொள்ளும் என்பதோடு, எந்த இனத்தை, எந்தப் பருவத்தில், எத்தனை டிகிரியில், எவ்வளவு ஈரத்தில், எத்தனை நாளுக்கு வைக்கும் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் மாநிலத்தில் தோட்டக்கலைக் கல்லூரிகளும் இருக்கும்போது, பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் கற்பூரவள்ளிக்கும் கேவண்டிஷின் எண்ணைக் கடன் வாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் அதன் எல்லையைச் சோதித்து, விவசாயியும் கிடங்குக்காரரும் படிக்கும் தமிழில் வெளியிட வேண்டும். அந்தச் சோதனைகள் அறையைத் திறக்கும் நாளோடு முடியாமல், பழம் பழுத்து ஒருவர் வாயில் போட்டுச் சுவைக்கும் நாள்வரை நீள வேண்டும். வாழைக்காய் தாங்கும் குளிருக்கும் தாங்காத குளிருக்கும் நடுவே இருப்பது இரண்டு டிகிரிகூட இல்லாத இடைவெளி. ஒரு வருட உழைப்பில் விளைந்த தாரின் விலை அந்த இடைவெளியைச் சரியாக அறிவதில் அடங்கியிருக்கிறது.